மரப்பணியாரம் இறங்கும் வரை

காடுகள் பெரியவையாகவும் நாடுகள் சிறியவையாகவும் இருந்த காலம் அது. வடக்கே வெகுதூரத்தில், ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஒரு நாட்டை லோத்தர் என்ற அரசன் ஆண்டுவந்தான். கேட்க உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, சின்னவர்களே, அந்த நாட்டை நம்மில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதன் கதை கடல் தாண்டி, மலை தாண்டி, நம் காதுவரை நடந்து வந்திருக்கிறது.

அந்த அரசனின் அடுக்களையில் ஓடிலா என்ற சமையல்காரி இருந்தாள். கணவனை இழந்தவள். அதிகம் பேசமாட்டாள். சிரிப்பதும் குறைவு. ஆனால் அவள் செய்யும் மரப்பணியாரத்துக்காக அண்டை நாட்டுக்காரர்கள் கூட ஆண்டுக்கொரு முறை பயணம் கட்டி வருவார்கள்.

மரப்பணியாரம் என்றதும் மரத்தூளில் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். கோதுமை மாவு, முட்டை, வெண்ணெய், தேன் எல்லாம் சேர்த்துக் கரைத்த மாவு அது. இன்று நாம் கேக் என்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதைச் சட்டியில் ஊற்றுவதில்லை. நீளமான கட்டை உருளை ஒன்றை இரும்புக் கம்பியில் கோத்து, எரியும் நெருப்புக்கு முன்னால் படுக்கவைத்தாற்போல நிறுத்துவார்கள். ஒருவர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார். இன்னொருவர் அகப்பையால் மாவை மொண்டு உருளையின் மேல் ஊற்றுவார். ஊற்றிய மாவு தோல் போலப் படிந்து சிவக்கும். சிவந்ததும் அதன் மேல் இன்னொரு தோல். அது சிவந்ததும் இன்னொன்று. எல்லாம் முடிந்த பிறகு உருளையை உருவிவிட்டுக் குறுக்கே வெட்டினால், அறுத்த மரத்தில் தெரிவது போல உள்ளே வளையம் வளையமாகத் தெரியும்.

அரசனின் பிறந்தநாள் தோறும் அதைக் கோட்டை முற்றத்தில், எல்லாரும் பார்க்கும்படி சுடுவார்கள். அதற்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. பணியாரம் நெருப்பில் இருக்கும்வரை கோட்டைக்குள் வாளை உருவக் கூடாது, சாபம் இடக் கூடாது, உயிரை எடுக்கக் கூடாது. அது எப்போது முடிந்தது என்று சொல்லும் உரிமை அரசனுக்கும் கிடையாது, மந்திரிக்கும் கிடையாது. சுடுகிறவள் அகப்பையைக் கீழே வைத்தால்தான் முடிந்தது.

அரசனுக்குச் சொந்தமாக ஒரு மரமும் இருந்தது. அவன் பிறந்த அன்று அவனுடைய தந்தை காட்டுக்குள் நட்ட ஓக் மரம். "மரம் நிற்கும்வரை மன்னன் நிற்பான்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. லோத்தர் அதை வெளியே சிரித்துக்கொண்டும் உள்ளே நம்பிக்கொண்டும் இருந்தான். ஒவ்வொரு பிறந்தநாள் மாலையும் குதிரையேறிப் போய், அந்த மரத்தடியில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேன்மது குடித்துவிட்டு வருவான்.

ஒரு வருடம், பிறந்தநாள் காலையில், அந்த மரம் வெட்டுண்டு கிடக்கிறது என்று செய்தி வந்தது.

வெட்டியவனைத் தேடவே தேவையிருக்கவில்லை. காட்டுக் காவலன் ரூபெர்ட் கோடரியோடு தானே வந்து கோட்டை வாசலில் நின்றான்.

"நான்தான் வெட்டினேன், அரசே" என்றான். "அந்த மரம் உள்ளே உளுத்துப்போய்விட்டது. இன்று மாலை நீங்கள் வந்து அதன் அடியில் உட்காருவீர்கள். ஒரு காற்று போதும், தலைமேல் சாய்ந்துவிடும். போன மாதமே மந்திரியிடம் சொன்னேன். சிரித்தார். அதனால்தான் நேற்று நானே வெட்டிச் சாய்த்தேன்."

"அரசருடைய மரத்துக்கே நோய் வந்தது என்று கதை சொன்னான். யார்தான் சிரிக்கமாட்டார்கள்?" என்றார் மந்திரி.

லோத்தரின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"என் மரமா உளுத்தது? அப்படியென்றால் நானும் உளுத்தவன் என்கிறாயா?"

"மரத்தைத்தான் சொன்னேன், அரசே. ஒரு ஆளை அனுப்பிப் பாருங்கள்."

"போய்ப் பார்க்கிறவன் என்னை நம்பாதவன்!" என்று அரசன் கத்தினான். முற்றத்தில் நின்றவர்கள் யாரும் ஓரடி கூட எடுத்து வைக்கவில்லை. "இவனைக் கட்டி வையுங்கள். பணியாரம் நெருப்பிலிருந்து இறங்கியதும் இவனைத் தூக்கில் ஏற்றுங்கள்!"

முற்றத்தின் ஒரு மூலையில் அடுப்பு. எதிர் மூலையில் தூக்குக்கட்டை நட்டார்கள். அதன் கீழே ரூபெர்ட்டைக் கட்டி உட்காரவைத்தார்கள்.

ஓடிலா முட்டைக் கூடையோடு நின்று இதையெல்லாம் கேட்டாள். அவளுக்கு வருத்தமே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால், கொடும்பனியில், ஓடிலாவின் வீட்டில் விறகு தீர்ந்துபோனது. அவளுடைய கணவன் ஆல்பின் அரசனின் காட்டில் நுழைந்து ஒரு பச்சைக் கிளையை ஒடித்தான். ரூபெர்ட் அவனைப் பிடித்து வந்து அரசன் முன்னால் நிறுத்தினான். அன்றே விசாரணை, அன்றே சவுக்கடி. பனியில் நனைந்த முதுகோடு வீட்டுக்கு வந்து படுத்த ஆல்பின், பனி உருகிய போது எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு வந்த ரூபெர்ட், "சட்டம் அப்படி, நான் என்ன செய்ய?" என்றான். அதற்குப் பிறகு ஓடிலா அவனோடு ஒரு சொல் பேசியதில்லை.

அவள் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அக்கா."

ரூபெர்ட்டின் மனைவி மெக்தா நின்றிருந்தாள். ஓடிலா திரும்பவில்லை.

"வழி தவறி வந்துவிட்டாயா?"

"வழி தெரிந்துதான் வந்தேன். பணியாரம் எப்போது இறங்கும்?"

"உச்சிப்பொழுதில். எப்போதும் அதுதான் நேரம்."

"நான் காட்டுக்குப் போய், அந்த மரத்தை அடியில் அறுத்து, ஒரு வட்டத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால் அரசர் கண்ணால் பார்த்துவிடுவார். ஆனால் திரும்பி வர அந்தியாகிவிடும்."

"அதற்கு நான் என்ன செய்யட்டும்?"

மெக்தா அழவில்லை. காலில் விழவும் இல்லை.

"உங்கள் வீட்டில் அந்தத் துக்கம் நடந்ததிலிருந்து உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் வேறு யாரிடம் போவேன்? நான் வண்டி கட்டப் போகிறேன், அக்கா. நீங்கள் உச்சியில் இறக்கினால் பிணத்தை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அந்தியில் இறக்கினால் ஆளை ஏற்றிக்கொண்டு போவேன். உங்கள் மனசு."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஓடிலா முட்டையை உடைக்கத் தொடங்கினாள்.

நெருப்பு பிடித்தது. லாயத்து ஆள் ஒருவன் கைப்பிடியைச் சுற்றினான். ஓடிலா ஊற்றினாள். ஒரு தோல் சிவந்தது. அடுத்ததை ஊற்றினாள். அதுவும் சிவந்தது. வெண்ணெயும் தேனும் காயும் வாசனை மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. பொழுது ஏற ஏறப் பணியாரம் பருத்துக்கொண்டே வந்தது.

உச்சிப்பொழுது வந்தது. பணியாரம் பொன்னிறமாக, ஆளின் தொடை அளவு பருத்து, பார்க்கிறவர் கண்ணுக்கு நிறைவாக நின்றது.

"பதம் வந்துவிட்டதே, அக்கா" என்றான் சுற்றுகிறவன்.

ஓடிலா நிமிர்ந்து எதிர் மூலையைப் பார்த்தாள். ரூபெர்ட்டும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் கெஞ்சல் இல்லை. கெஞ்ச உரிமையில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவள் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. கையை இறக்கினால் போதும். யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். ஆணை அரசனுடையது, கயிறு தூக்கிலிடுகிறவனுடையது, அவள் சமையல்காரி மட்டும்தான்.

அவள் ஆல்பினை நினைத்தாள். அன்றைக்கு இதே முற்றத்தில் அவன் நின்றபோது, "கொஞ்சம் பொறுங்கள், இவன் வீட்டு அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்று சொல்ல ஒரு வாய் கூட இருக்கவில்லை. ஒரே ஒரு வாய்.

ஓடிலா அகப்பையை மாவுக்குள் முக்கினாள். இன்னொரு வளையம் ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் மந்திரி வந்தார். வயதானவர், பதவிக்குப் பழகியவர், பேச்சில் அவசரம்.

"ஏன் இன்னும் இறக்கவில்லை?"

ஓடிலா அவர் பக்கம் திரும்பாமல், மேடையில் உட்கார்ந்திருந்த அரசனைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"அரசே, இது நம் நாட்டைத் தவிர உலகத்தில் எங்கும் இல்லை என்று நேற்று விருந்தினர்களிடம் சொன்னீர்கள். பரிமாறிக்கொண்டிருந்த நான் பார்த்தேன், அவர்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஏன் சிரித்தார்கள் என்று கேட்டுவிட்டு இறக்கட்டுமா?"

அரசனுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருந்த விருந்தினர்களை நோக்கித் திரும்பினான்.

"ஏன் சிரித்தீர்கள்?"

முதல் விருந்தினர் கிழக்குக் கடற்கரைத் தூதர். அம்பர் எனப்படும் மஞ்சள் பிசின்கற்கள் அலையில் ஒதுங்கும் கரை அவருடையது.

"கோபித்துக்கொள்ளாதீர்கள், அரசே" என்றார். "எங்கள் ஊர்க் கல்யாணங்களிலும் இது உண்டு. ஆனால் உங்களுடையது மொட்டை மரம். எங்களுடையதில் ஊசியிலை மரம் மாதிரி முள் இருக்கும்."

"மாவில் எப்படி முள் முளைக்கும்?"

"சுற்றுகிற வேகத்தில் முளைக்கும்."

"எங்கே, முளைக்கவையுங்கள் பார்ப்போம்!" என்றான் அரசன்.

தூதர் மேலங்கியைக் கழற்றிவிட்டு வந்து கைப்பிடியைப் பிடித்தார். ஓடிலா ஒரு முனையில் மாவை ஊற்ற, அவர் விசையாகச் சுற்றினார். சொட்டுகள் வெளிப்பக்கம் நீண்டு, நீண்டபடியே வெந்து நின்றன. திரும்பத் திரும்ப ஊற்ற, விரல் நீளத்துக்கு முட்கள் கிளம்பின. முற்றத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சூரியன் உச்சியை விட்டு நகர்ந்திருந்தது.

"சரி, அவ்வளவுதானே?" என்றார் மந்திரி.

"அவ்வளவு இல்லை" என்றாள் இரண்டாவது விருந்தாளி. தெற்கு மலைகளில் ஆடு மேய்க்கும் குலங்களின் தலைவி அவள். "நாங்கள் மாவைக் கரைக்கமாட்டோம், பிசைவோம். பிசைந்து, கயிறாகத் திரித்து, கட்டையில் நெருக்கிச் சுற்றித் தணலில் வாட்டுவோம். மேலே தேனும் வாதுமைத் தூளும்."

"செய்து காட்டுங்கள்."

"செய்வேன். ஆனால் மாவு புளித்து உப்ப வேண்டும். அவசரப்பட்டால் கல் மாதிரி ஆகிவிடும்."

அவளே கையைக் கழுவிக்கொண்டு வந்து மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அடுப்பின் ஓரத்தில் வைத்தாள். மாவு உப்பும்வரை ஓடிலா பணியாரத்தை நெருப்புக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, காய்ந்துபோகாதபடி வெண்ணெய் தடவித் தடவிச் சுற்றவைத்தாள். மந்திரி துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். தூக்கிப் பார்ப்பதால் மாவு சீக்கிரம் உப்பிவிடுமா? தலைவி அவர் கையைத் தட்டிவிட்டாள். மாவு உப்பியது. திரித்தார்கள், பணியாரத்தின் நடுவில் சுற்றினார்கள், வாட்டினார்கள். மதில் நிழல் முற்றத்தின் பாதிவரை நீண்டுவிட்டது.

"நீர் எதற்குச் சிரித்தீர்?" என்று அரசன் மூன்றாவது ஆளைக் கேட்டான். இப்போது அவன் குரலில் கோபத்தைவிட ஆவல் அதிகமாக இருந்தது.

மூன்றாவது ஆள் நம் பக்கத்துக்காரன். மேலைக் கடற்கரையிலிருந்து மிளகும் ஏலமும் ஏற்றிக்கொண்டு போன வணிகன்.

"எங்கள் ஊரில் சுற்றுவதே கிடையாது, அரசே. சட்டியில் ஒரு அடுக்கு ஊற்றுவோம். மூடி போட்டு, மூடியின் மேல் தணலைக் கொட்டுவோம். மேலிருந்து வேகும். வெந்ததும் ஒரு கரண்டி நெய், அதன் மேல் அடுத்த அடுக்கு. கம்பி வேறு, சட்டி வேறு, அடுக்கு மட்டும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் இதைச் செய்கிற நாளில் யாரும் ஊருக்குக் கிளம்பமாட்டார்கள். கிளம்ப முடியாது."

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

"அதற்கு என்ன வேண்டும்?"

"தேங்காய்ப்பால். காய் கொண்டு வந்திருக்கிறேன். துருவத்தான் இங்கே ஒன்றும் இல்லை."

கல்லில் மோதித் தேங்காயை உடைத்தார்கள். கத்தியால் சுரண்டினார்கள். வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தார்கள். முட்டையின் மஞ்சள் கருவும் ஏலமும் சேர்த்துக் கரைத்து, பணியாரத்தின் மறுமுனையில் மெல்லிய அடுக்குகளாக ஊற்றினார்கள். அந்த வாசனையை அந்த நாடு அதுவரை அறிந்ததில்லை. காவலர்கள் கூடத் தூக்குக்கட்டையை விட்டு அடுப்புப் பக்கம் நெருங்கி வந்தார்கள்.

ஆனால் காட்டுச் சாலையில் வண்டியைக் காணோம்.

மந்திரி அரசன் காதருகே குனிந்தார். குனிந்தாலும் சத்தமாகவே பேசினார்.

"இவள் காலம் கடத்துகிறாள், அரசே. ரூபெர்ட்டின் பெண்டாட்டி காலையில் காட்டுப் பக்கம் வண்டி ஓட்டிப் போனதைக் காவலர்கள் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பெண்களும் சேர்ந்து உங்களை ஏமாற்றுகிறார்கள்."

சிரிப்பு அணைந்துபோனது. லோத்தர் எழுந்து, நேராக அடுப்புக்கு வந்தான்.

"அகப்பையைக் கீழே வை."

ஓடிலாவின் தோள்கள் மரத்துப்போயிருந்தன. முகம் நெருப்பில் வெந்து சிவந்திருந்தது. மாவுப் பானையின் அடி தெரிந்துவிட்டது.

"வைக்கிறேன், அரசே. கடைசி வளையம் ஒன்று பாக்கி. அதை நீங்களே சுற்றுங்கள். சுற்றும்போது என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். உண்மையைத்தான் சொல்வேன்."

அரசன் கைப்பிடியை வெடுக்கென்று பிடித்தான். கோபத்தோடு சுற்றினான். ஓடிலா ஊற்றிய மாவு தெறித்து, பாதி நெருப்பிலும் பாதி அவனுடைய பட்டு அங்கியிலும் விழுந்தது. யாரும் சிரிக்கத் துணியவில்லை. வேகத்தைக் குறைத்தான். மாவு கீழ்ப்பக்கம் வழிந்து சொட்டியது.

"எப்படித்தான் சுற்றுவது?"

"மாவைப் பாருங்கள். அது போகிற போக்கில் போங்கள்."

அரசன் மாவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சுற்றினான். வேறு எதையும் பார்க்க முடியவில்லை. பல ஆண்டுகளாக அவன் கை எந்த வேலையும் செய்ததில்லை. கொஞ்ச நேரத்தில் மாவு சீராகப் படியத் தொடங்கியது. அவனுடைய மூச்சும் சீரானது.

"நீ காத்திருப்பது அந்த வண்டிக்காகத்தானா?" என்று கேட்டான். குரல் தணிந்திருந்தது.

"ஆமாம், அரசே."

"இந்த ரூபெர்ட் உன் புருஷனைப் பிடித்துக் கொடுத்தவன் இல்லையா?"

"ஆமாம். இங்கேதான் கொண்டுவந்து நிறுத்தினான். நீங்கள்தான் தீர்ப்புச் சொன்னீர்கள்."

கைப்பிடி ஒரு கணம் நின்றது. "நிறுத்தாதீர்கள், கருகிவிடும்" என்றாள் ஓடிலா. அது மறுபடி சுழன்றது.

"அப்படியிருக்க, எதற்காக இவனுக்கு இவ்வளவு?"

"அன்று எங்கள் வீட்டு அடுப்பில் சாம்பல்கூட இல்லை. அரை நாள் பொறுத்திருந்தால் யாராவது வந்து அதைப் பார்த்திருப்பார்கள். பொறுக்கவில்லை. அரை நாள் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அரசே. அது தெரிந்த பிறகு இன்னொருத்தியின் அரை நாளை நான் எப்படிப் பறிக்க முடியும்?"

அரசன் சுற்றினான், சுற்றினான். அந்த வளையம் வெளுப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவக்கும்வரை சுற்றினான். பிறகு, ஓடிலாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"போன வருடம் நான் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, மேலிருந்து மரத்தூள் என் கோப்பைக்குள் விழுந்தது. ஊதித் தள்ளிவிட்டுக் குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை."

ஓடிலா அவனைப் பார்த்தாள். காலையில் அந்த முகம் ஏன் முதலில் வெளுத்தது என்று அவளுக்கு இப்போது விளங்கியது. பயந்தவனின் கோபம்தான் ஊரிலேயே பெரிய கோபம்.

"வளையம் வெந்துவிட்டது, அரசே. அகப்பையை வைத்துவிடட்டுமா?"

மந்திரி ஓரடி முன்னால் வந்தார். தூக்கிலிடுகிறவன் கயிற்றோடு எழுந்து நின்றான்.

லோத்தர் காட்டுச் சாலையைப் பார்த்தான். அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொரு அகப்பை ஊற்று" என்றான்.

ஓடிலா பானையைச் சாய்த்து, அடியில் கிடந்ததை வழித்து ஊற்றினாள். அரசன் சுற்றினான்.

அந்த மாவும் வெந்தது. பானை காலி. அரசன் வெறும் பணியாரத்தையே சுற்றிக்கொண்டிருந்தான். அப்படியிருக்கும்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

மாடுகள் நுரை தள்ளிக்கொண்டு வந்தன. மெக்தாவின் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. வண்டியில் கிடந்த மரவட்டத்தை நான்கு காவலர்கள் இறக்கி நிமிர்த்தினார்கள். வெளியே கைப்பிடி அகலத்துக்குத்தான் நல்ல மரம். அதற்குள்ளே கறுப்புத் தூள். நடுவில் ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாக மெக்தாவின் வெளுத்த முகம் முழுசாகத் தெரிந்தது.

அரசன் கைப்பிடியை விட்டுவிட்டுப் போய் அந்தத் தூளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு முற்றத்தைக் கடந்து நடந்தான். ரூபெர்ட்டின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தான்.

"என் தலையைக் காப்பாற்றியவன் தலையை எடுக்கப் பார்த்தேன்" என்றான். எல்லாரும் கேட்கும்படியே சொன்னான்.

அப்புறம் மந்திரியைத் திரும்பிப் பார்த்தான். "போன மாதமே சொன்னானாமே! இந்த நிமிடமே உம்மை..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். "நாளைக்குப் பேசுவோம்" என்றான்.

ஓடிலா அகப்பையைக் கீழே வைத்தாள். ஊற்றி ஊற்றி வளைந்துபோன விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியிருந்தது.

பணியாரம் இறங்கியது. அவள் சுட்டதிலேயே அழகில்லாதது அதுதான். ஒரு முனையில் முள், நடுவில் கயிறு, மறுமுனையில் தேங்காய்ப்பாலின் மினுமினுப்பு, இடையிடையே அரசன் சுற்றிய மேடும் பள்ளமும். ஆனால் அன்றைக்குத் தின்றவர்கள் அதைப் பற்றித் தங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசினார்கள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் ரூபெர்ட் தயங்கித் தயங்கி அடுப்பருகே வந்தான்.

"ஓடிலா, நான்..."

"உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே" என்றாள் அவள். இத்தனை ஆண்டுகளில் அவனோடு பேசிய முதல் சொற்கள் அவைதான். "அந்த நாள் இன்னும் வரவில்லை. வந்தால் நானே சொல்லி அனுப்புகிறேன்."

ரூபெர்ட் தலையைக் குனிந்துகொண்டான். "சரி" என்றான்.

அவள் ஒரு துண்டு பணியாரத்தை இலையில் சுற்றி நீட்டினாள்.

"இது மெக்தாவுக்கு. காலையிலிருந்து அவள் ஒன்றும் தின்றிருக்கமாட்டாள். வழியில் நீ தின்றுவிடாதே."

அதன் பிறகு லோத்தர் நெடுங்காலம் ஆண்டான். குற்றம் வந்த நாளில் அவன் தண்டனை சொன்னதில்லை. பச்சைக் கிளை ஒடித்தவனைக் கொண்டுவந்தால், முதலில் அவன் வீட்டு அடுப்பைப் பார்த்து வர ஆள் அனுப்பினான். அப்படி முதல்முறை அனுப்பப்பட்டவன் ரூபெர்ட். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து உள்ளதைச் சொன்னான் என்றும், அன்று மாலை ஓடிலா அவனுக்கு ஆள் அனுப்பினாள் என்றும் கதை சொல்கிறது.

ஆகவே கேட்டவர்களே, கோபம் கொதிக்கும்போது தீர்ப்புச் சொல்லாமல், உண்மை வந்து சேரும்வரை பகைவனுக்கும் பொழுது கொடுப்பதே நீதி.